அக்கா இருக்காங்களா?

செபமாலையின் பாதியில் மத்தியாஸ் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். மரண வீட்டில் குரலை எங்கே தூக்க வேண்டும், எங்கே தழைக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எத்தனையோ சவப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று செபம் சொன்னவர். ஆனால் இன்றைக்குப் பதில் சொல்லத்தான் ஆளில்லை. பின்னால் இருந்த இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் பெட்டியைச் சுற்றி நின்று அழுதார்கள்.

மகள் அனுஷ்கா அருகில் வந்து குனிந்தாள்.

"அப்பா, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. ஆளுங்க அம்மாவப் பாத்து அழுவுறாங்க."

"நான் செபந்தானே சொல்றேன்?"

"அதாம்ப்பா."

அவர் மிச்சத்தை உதட்டுக்குள்ளேயே சொல்லி முடித்துவிட்டு எழுந்தார். முழங்கால் வலித்தது. எழுந்ததை யாரும் கவனிக்கவில்லை.

பெட்டிக்குள் அந்தோனியம்மா நீலக் கரை போட்ட சேலையில் படுத்திருந்தாள். சவப்பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர்கள் முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தார்கள். கல்யாணத்தன்று கூடப் போடாதவள். அவள் கால்மாட்டில் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பேச்சியம்மா இரண்டு கையாலும் பாதங்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு நகரவில்லை. புருஷனான தனக்கு நிற்க இடமில்லாமல் மத்தியாஸ் வாசல் திண்ணைக்கு, இஸ்தோப்புக்கு வந்தார்.

"ஏன் தாயி, எனக்குத் தண்ணி தூக்கப்போயி இப்புடிப் போயிட்டியே," என்று பேச்சியம்மா உள்ளே அரற்றினாள்.

அதுதான் மத்தியாஸின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. முந்தாநாள் காலையில் அந்தோனியம்மா பொதுப் பீலியில் தண்ணீர் பிடிக்கப்போய், நிறைந்த குடத்தோடு விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. மத்தியாஸின் வீட்டில் பைப் இருக்கிறது. அலைந்து திரிந்து அவர்தான் போட்டு வைத்தார். பேச்சியம்மாவின் புருஷன் பக்கவாதத்தில் படுத்துக் கிடந்ததால், அவர்களுடைய குடத்தைத்தான் அவள் தூக்கியிருக்கிறாள். சாகும்போது கூட அவள் இடுப்பில் இருந்தது அடுத்தவன் வீட்டுத் தண்ணீர்.

இஸ்தோப்பில் நின்று பார்த்தால் கீழே ரோடு வரை ஆட்கள். மேட்டு லயத்து வீடுகளிலிருந்து, பக்கத்துத் தோட்டத்திலிருந்து, கொட்டகலை பசாரிலிருந்தும் வந்திருந்தார்கள். நெற்றியில் விபூதி வைத்தவர்கள்தான் அதிகம். பேக்கரிக்காரச் சிங்களத்து அம்மா ஒரு கூடை பாணோடு படியேறி வந்து, "அனே, அபே அக்கே," ஐயோ எங்க அக்கா, என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். இவளுக்கும் அந்தோனியம்மாவுக்கும் என்ன பழக்கம் என்று மத்தியாஸுக்குத் தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது. பெண்டாட்டியைப் பற்றிப் பேக்கரிக்காரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதா?

நான் செத்தால் யார் வருவார்கள்?

அந்த நினைப்பு வந்ததும் அவர் திடுக்கிட்டுப் போனார். ஆனாலும் அது போகவில்லை. பங்குச் சாமி வருவார். பங்குச் சபை ஆட்கள் வருவார்கள். பேனர் ஒன்று கட்டுவார்கள், அதில் கண்டியில் பயிற்சிச் சான்றிதழ் வாங்கியபோது எடுத்த போட்டோவைப் போடுவார்கள். பேச்சியம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அடுப்பில் சோறு இருக்கிறது என்று போய்விடுவாள். பேக்கரிக்காரி வரமாட்டாள்.

சாமி மாதத்துக்கு ஒரு தடவைதான் தோட்டத்துக் கோயிலுக்கு வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் வாசகம் வாசிப்பது, விளக்கம் சொல்வது, பாட்டைத் தொடங்குவது எல்லாம் உபதேசியாரான மத்தியாஸ்தான். நல்ல குரல். தலவாக்கலையிலிருந்து கூட அவரைப் பேசக் கூப்பிடுவார்கள். அந்தோனியம்மாவுக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். கடைசி பெஞ்சில், கதவோரமாக உட்காருவாள். யாரோ நோயாளியின் டெட்டால் வாசனையோடு தாமதமாக வருவாள். அவர் விளக்கம் சொல்லத் தொடங்கினால் தூங்கி விழுவாள்.

"நான் பேசுறது அவ்வளவு கேவலமாவா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஐயோ, அப்படி இல்லங்க. அசதியில கண்ணு சொக்கிருச்சு. நீங்க பேசினா நல்லாத்தான் இருக்கும்."

நல்லாத்தான் இருக்கும். கேட்டிருந்தால்தானே தெரியும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது வாசலில் வந்து நிற்கிறவர்களைத்தான். பிள்ளைக்குக் காய்ச்சல், மருமகளுக்கு வலி கண்டிருக்கிறது, வீட்டில் புருஷன் அடிக்கிறான் என்று யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். மத்தியாஸ்தான் போய்த் திறப்பார். அவர் முகத்தைத் தாண்டி உள்ளே பார்த்தபடி கேட்பார்கள்:

"அக்கா இருக்காங்களா?"

இத்தனை வருஷத்தில் ஒருவராவது உபதேசியார் இருக்கிறாரா என்று கேட்டதில்லை. கடவுளைப் பற்றித் தெரிந்தவர் கதவைத் திறந்துகொண்டு எதிரிலேயே நிற்க, அடுப்படியில் இருக்கிற பொம்பிளையைத் தேடுவார்கள். அவளும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். எங்கே போனாய், என்ன செய்தாய் என்று கேட்டால், "சும்மா, போய்ப் பாத்துட்டு வந்தேன்," என்பாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லத் தெரியாது அவளுக்கு. சொல்ல வேண்டும் என்றும் தோன்றாது.

மத்தியானம் பெட்டியை எடுத்தார்கள். மழை தூறத் தொடங்கியிருந்தது. தூக்குவதற்கு இளவட்டப் பெடியன்கள் தோள் கொடுத்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீரய்யா வந்தான். தோட்டத்தில் தண்ணீர் ஓடும் கான் வெட்டுகிறவன். மத்தியாஸை விட மூத்தவன். தண்ணி போட்டுவிட்டு நத்தார் பாலன் பிறப்புச் செபத்துக்கு வந்து கத்தியதற்காக மத்தியாஸ்தான் ஒரு தடவை ஆள் வைத்து வெளியே தள்ளினார். தள்ளிய அன்றைக்கும் அந்தோனியம்மா அவனுக்குப் பின்வாசலில் சோறு போட்டாள்.

"ஐயா, நானும் ஒரு கை புடிக்கிறேங்க."

"நீ தொடாத."

"குடிக்கலைங்க. அக்கா போன சேதி கேட்டதுல இருந்து ஒரு சொட்டு தொடலைங்க."

"இன்னைக்குத் தொடல. நாளைக்கு? தள்ளிப் போ வீரய்யா. இது செபத்தோட எடுக்கிற பெட்டி."

வீரய்யா கையை இழுத்துக்கொண்டான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தேயிலைக்குள் இறங்கிப் போகும் குறுக்குப் பாதையில் நடந்தான். பேச்சியம்மா ஈரக் கண்களோடு மத்தியாஸைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் பார்த்தார்கள். ஏன் என்று கேட்டிருந்தால் மத்தியாஸ் பதில் சொல்லியிருப்பார்.

கோயிலில் இடம் போதவில்லை. வெளியே குடைகள் நின்றன. பூசையில் சாமி பிரசங்கம் சொல்ல எழுந்தார். இளம் வயதுக்காரர், இந்தப் பங்குக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை.

"நான் இங்க வந்த புதுசுல எனக்கு டெங்கு," என்றார். "பங்கு வீட்டுல தனியாக் கிடந்தேன். இந்த அம்மா பஸ் ஏறி வந்து கஞ்சி வச்சுக் குடுத்தாங்க. எனக்கு அவங்க பேரு கூடத் தெரியாது. நீங்க யாருமான்னு கேட்டேன். 'மேல் டிவிசன் உபதேசியார் சம்சாரம் சாமி'ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க."

கூட்டத்தில் விசும்பல் எழுந்தது. மத்தியாஸ் முன் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார். காது சுட்டது. சாமிக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும் அவரும் பார்க்கப் போயிருந்தார், பழங்கள் வாங்கிக்கொண்டு, சபை ஆட்களோடு, காய்ச்சல் விட்ட பிறகு. அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"உபதேசியார் ரெண்டு வார்த்தை பேசட்டும்," என்றார் சாமி.

அவர் எழுந்து போய் நின்றார். வேதாகமத்திலிருந்து நல்ல பெண்ணைப் பற்றி ஒரு வாசகம் சொன்னார். அதன் பிறகு அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனுசி என்றார். அடக்கமானவள் என்றார். ஊரில் யார் செத்தாலும் அவர் சொல்லுகிற வார்த்தைகள்தான். இங்கே நிற்கிற ஒவ்வொருவரிடமும் அவளைப் பற்றி ஒரு கதை இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. தன்னிடம்தான் இல்லை. அந்தக் கதைகளை எல்லாம் பிடுங்கித் தன் மடியில் கட்டிக்கொள்ள வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. குரல் உடைந்தது. துக்கம் என்று நினைத்து அனுஷ்கா வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.

புதைகாடு தேயிலைமலைக்கு மேலே சரிவில் இருந்தது. ஏறிப் போய்ச் சேர்ந்தபோது மழை வலுத்துவிட்டது. முன்னே போன பெடியன்கள் குழிக்குப் பக்கத்தில் தயங்கி நின்றார்கள்.

"ஊத்து ஒடச்சிருச்சுங்க. குழி நெறையத் தண்ணி."

உள்ளே வீரய்யா நின்றான். குறுக்குப் பாதையில் முன்னாலேயே வந்திருக்கிறான். தொடை வரை செம்மண் தண்ணீர். ஒரு பழைய பெயின்ட் வாளியில் அள்ளி அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான். ஓரத்து மண் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து அவன் முதுகில் விழுந்தது.

"சரிஞ்சா ஆள மூடிரும், ஏறு மாமா," என்று ஒருவன் கத்தினான்.

"அக்காவத் தண்ணிக்குள்ளயாடா வைக்கச் சொல்ற?" என்றான் வீரய்யா, நிமிராமல்.

பெட்டியைக் கீழே இறக்கி மேலே தார்ப்பாய்ப் படங்கு பிடித்தார்கள். எல்லாரும் குழியையே பார்த்தார்கள். மத்தியாஸும் பார்த்தார். அவளுக்குக் கடைசியாகச் செய்கிறவன் இவன்தான் என்று நாளைக்குத் தோட்டம் முழுக்கப் பேசும். இதையும் இவனுக்குக் கொடுத்துவிட்டுக் குடைக்குக் கீழே நிற்க அவரால் முடியவில்லை. செருப்பைக் கழற்றினார். வெள்ளைச் சாரத்தை மடித்துக் கட்டினார்.

"அப்பா! என்னப்பா செய்றீங்க?"

அவர் விளிம்பில் உட்கார்ந்து, கையூன்றி, உள்ளே இறங்கிவிட்டார்.

தண்ணீர் எலும்பைக் குத்தியது. வீரய்யா ஒரு நொடி அவரைப் பார்த்தான். பிறகு வாளியை நிரப்பி நீட்டினான். மத்தியாஸ் வாங்கி மேலே கொடுத்தார். மேலிருந்து காலி வாளி வந்தது. முதலில் மத்தியாஸ் வேகவேகமாக, அவனைத் தோற்கடிக்கிறவர்போல இழுத்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கியது. அப்போது வீரய்யா வாளியைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் கொடுப்பதைக் கவனித்தார். தனக்கு முடியவில்லை என்று அவன் கண்டுகொண்டிருக்கிறான். யாருக்கும் தெரியாமல், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், பாரத்தைக் குறைத்துக் கொடுக்கிறான்.

மத்தியாஸ் அந்த அரை வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எப்போது அழத் தொடங்கினார் என்று அவருக்கே தெரியாது. மழையில் மேலே இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. வீரய்யா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலால் சேற்றைத் தடவி ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் கணுக்கால் வரை வற்றியது. மேலிருந்து மானாப்புல்லைக் கட்டுக் கட்டாகப் போட்டார்கள். இருவரும் அதைத் தரையில் பரப்பி மிதித்துப் படிய வைத்தார்கள்.

"போதும், வெளிய வாங்க," என்று சாமி கூப்பிட்டார்.

சுவர் வழுக்கியது. வீரய்யா சுவரோரமாக முதுகை வளைத்துக் குனிந்தார்.

"ஏம் முதுகுல கால வச்சு ஏறுங்க ஐயா."

மத்தியாஸ் அந்த முதுகைப் பார்த்தார். பிறகு அவரைத் தோளில் தொட்டு நிமிர்த்திவிட்டு, தான் குனிந்து, இரண்டு கை விரல்களையும் கோத்து நீட்டினார்.

"நீங்க மொதல்ல ஏறுங்க."

"ஐயா..."

"ஏறுங்கண்ணே."

வீரய்யா காலைச் சாரத்தில் துடைக்கப் பார்த்தார். சாரமும் சேறாகத்தான் இருந்தது. தயங்கித் தயங்கி வலது காலை எடுத்து அந்தக் கைகளில் வைத்தார். வெடித்த, குளிர்ந்து போன கால். மத்தியாஸ் மூச்சைப் பிடித்துத் தூக்கினார். மேலே யாரோ கைகொடுத்து இழுத்துக்கொண்டார்கள்.

வீரய்யா கரையேறிய பிறகும் குழிக்குள் மத்தியாஸ் குனிந்தபடியே நின்றார், கோத்த விரல்களைப் பிரிக்காமல்.