தூணில்லாத நீதிமன்றம்

ஞானேந்திரனின் எண்ணத்தில் நீதிமன்றம் என்றால் தூண் இருக்க வேண்டும். தூண் இல்லாத இடத்தில் என்ன நீதி! ஆகவே மெட்ரோவிலிருந்து மேலேறி நோத்ர-டாம் தெருவுக்கு வந்தவர், வரிசையாகத் தூண்கள் நின்ற கட்டடத்தைக் கண்டதும் அதன் முன்னாலேயே நின்றுவிட்டார்.

மணி எட்டு. திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியும். நல்ல காரியமாயிற்றே என்று, அது தொடங்குமுன்பே செயின்ட்-மிஷேல் வீட்டைவிட்டு இறங்கிவிட்டார். அது முடியும்வரை நீதிமன்ற வாசலை மிதிப்பதில்லை என்பது தீர்மானம். விசாரணை ஒன்பதரைக்கு. மனைவி யோசெப்பின் மட்டக்களப்புக் கிறிஸ்தவப் பெண், இந்தக் கணக்கெல்லாம் அவளிடம் எடுபடாது. "நீங்க உங்கட நேரத்துக்கு வாங்க. நான் பிள்ளையக் கூட்டிக்கொண்டு வக்கீலோட வாறன்" என்றுவிட்டாள்.

பிள்ளை என்றால் லோஜினி. ஞானேந்திரனின் தங்கை மகள், பத்து வயது. தகப்பன் முன்பே இறந்துவிட்டார். தங்கையும் போன வருடம் போய்விட்டாள். பிள்ளைக்குச் சட்டப்படி இவர்களைப் பாதுகாவலர்களாக நியமிப்பதா என்று நீதிபதி இன்று முடிவு செய்வார். ஞானேந்திரனுக்கு ஆசைதான், பயமும்தான். நேற்றுச் சாப்பாட்டு மேசையில், "அறுபது வயசில எங்களால ஏலுமோ?" என்று வாய்விட்டுவிட்டார். யோசெப்பின் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். பக்கத்து அறையிலிருந்த பிள்ளையின் காதில் அது விழுந்ததோ இல்லையோ என்று காலையிலிருந்து மனம் அரித்துக்கொண்டிருந்தது.

குளிரில் தூண்களை எண்ணினார். பதினான்கு. மேலே கல்லில் பெரிய எழுத்துகள், பிரெஞ்சுமில்லை, ஆங்கிலமுமில்லை. ஒன்பதானதும் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். சோதனை வரிசை நகர்ந்து முடிய அரைமணி ஆயிற்று.

காவலாளி கடிதத்தைப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் சொன்னார். "முசியோ, இது மேல்முறையீட்டு நீதிமன்றம். தீர்ப்புப் பிடிக்காதவர்கள்தான் இங்கே வருவார்கள். உங்களுக்குத் தீர்ப்பு வந்துவிட்டதா?"

"இன்னும் இல்லை."

"அப்படியானால் தெருவின் எதிர்ப்பக்கம் போங்கள்."

எதிர்ப்பக்கம் பார்த்தால் இன்னொரு கட்டடம். அதிலும் தூண், உச்சியில் குவிமாடம் வேறு. ஞானேந்திரனுக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் அங்கிருந்த பெண்ணிடம் கடிதத்தை நீட்டினார். அவள் சிரித்தாள். "இது நீதிமன்றம்தான், ஆனால் நூறு வருடத்துக்கு முன்பு. இடம் போதாமல் எதிரே அந்தத் தூண் கட்டடத்தைக் கட்டினார்கள். பிறகு அதுவும் போதவில்லை." அவள் சொல்லி முடிக்குமுன் தொலைபேசி அடித்தது. யோசெப்பின்.

"எங்க நிக்கிறீங்க?"

"கோட்டுக்குள்ளதான் நிக்கிறன்."

"நாங்களும் கோட்டுக்குள்ளதான் நிக்கிறம். எந்த மாடி?"

"கூரையில கோபுரம் மாதிரி ஒண்டு இருக்கே, அதுக்குக் கீழ."

"இஞ்ச கோபுரமும் இல்ல, ஒண்டும் இல்ல. பேரும் கூப்பிட்டாச்சு. நேத்துச் சொன்னதுதான் முடிவெண்டா நேரா சொல்லுங்க."

"ஐயோ, அப்பிடியில்லையப்பா!" என்பதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

அந்தப் பெண் வாசல்வரை வந்து தெருக்கோடியைக் காட்டினாள். தூணுமில்லை, கோபுரமுமில்லை, கறுத்து உயர்ந்த மாடிக் கட்டடம் ஒன்று. காலையில் அதைப் பார்த்து ஏதோ வங்கித் தலைமையகம் என்று நினைத்திருந்தார். விழுந்தடித்து ஓடினார். ஒரே தெருவில் மூன்று நீதிமன்றம் எதற்கு? உண்மையில் வழி தவறினாரா, அல்லது கால்கள் பிள்ளையிடம் போகாமல் ஏய்த்தனவா? அவருக்கே விளங்கவில்லை.

விசாரணை அறைக்குள் நுழைந்தபோது ஒன்பது ஐம்பது. யோசெப்பின் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவரை நீதிபதியம்மா கையமர்த்தினார். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் மெல்லச் சொன்னார்.

"ஐயா, பிள்ளைதான் உங்களுக்காகப் பொறுக்கச் சொன்னவ. மாமா ராகுகாலம் முடிஞ்சுதான் வருவார், பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு ஒருக்காலும் நல்ல நேரம் பாத்ததில்லை, இதுக்குப் பாக்கிறார், கட்டாயம் வருவார் எண்டு பிரெஞ்சில சொன்னவ."

ஞானேந்திரன் லோஜினியைப் பார்த்தார். அவள் தன் காலிலிருந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுச் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. அது முகத்தில் தெரிந்தது. கேட்டும் காத்திருக்கச் சொல்லியிருக்கிறாள். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

நீதிபதியம்மா பிரெஞ்சில் ஏதோ கேட்டார், பதற்றத்தில் ஞானேந்திரனின் காதில் அது சரியாக ஏறவில்லை. மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்குமுன்பே ஞானேந்திரன் சம்மதமாகத் தலையாட்டி, "ஓம், ஓம்!" என்று உரக்கச் சொன்னார்.

"ஐயா, உங்கட பேரைத்தான் கேட்டவ" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

லோஜினி அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள்.