திரைக்குள் ஒரு வாய்க்கால்

கம்ப்யூட்டர் வந்து ஒரு வருஷமாகியும் அதற்குக் கற்பூரம் காட்டியதைத் தவிரப் பள்ளிக்கூடத்தில் யாரும் ஒன்றும் செய்திருக்கவில்லை. காரைக்காலில் நெடுங்காட்டுப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றுக்கு 1985இல் சர்க்கார் அனுப்பிய பெட்டி அது. தலைமையாசிரியருக்கு அதைக் கண்டாலே பயம். கணக்கு டீச்சர் சலோமிக்கு மட்டும் ஆசை. புதுச்சேரிக்குப் பயிற்சிக்குப் போய்வந்தவள், மற்றவர்களைப் போலச் சான்றிதழை மடித்து வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருந்து தொலைக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விகிதக் கணக்கு மண்டையில் ஏறவேயில்லை. அதற்காகக் கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினாள். திரையில் நீலமாக ஒரு வாய்க்கால். அதையொட்டிக் கட்டம் கட்டமாக வயல்கள். எந்த வயலுக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்று பிள்ளைகள் தட்டவேண்டும். தண்ணீர் கிடைத்த வயல் பச்சையாகும், கிடைக்காதது மஞ்சளாகிக் கருகும். மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. கருப்பையன் மகள் பூவாயி, வகுப்பில் வாயே திறக்காதவள், எல்லா வயலும் பிழைக்கிற கணக்கைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். சலோமிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டுப்போனது. ஊர் மிராசுதாரும் பெற்றோர் சங்கத் தலைவருமான மருதையனைக் கூப்பிட்டாள். மேலே இருக்கிறவன் காவிரியைக் குடித்துவிட்டு மிச்சத்தைத்தான் காரைக்காலுக்கு விடுகிறான் என்று மேடைக்கு மேடை பொருமுகிற மனுஷர். இதைப் பார்த்தால் பூரித்துப்போவார் என்று நினைத்தாள். ஊர் வாய்க்காலின் தலைப்பில், தண்ணீர் முதலில் பாயும் இடத்தில் அவர் வயல் இருப்பதும், குறுக்கே பலகை போட்டுத் தண்ணீரைத் தேக்கிக்கொள்கிறவர் அவர்தான் என்பதும் ஊருக்கே தெரியும். டவுனிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற சலோமிக்குத் தெரியாது.

மருதையன் வகுப்புக்கு வந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது பூவாயி முதல் வயலின் பங்கைக் குறைத்தாள். கீழே இருந்த வயலெல்லாம் பச்சையாயின.

"அது மிராசு வயலு டீச்சர். அதுக்குக் கொறச்சாதான் எல்லாருக்கும் பாயுது" என்றான் பின்பெஞ்சில் ஒருவன். வகுப்பு சிரித்தது.

மருதையனும் சிரித்தார். "நல்லாருக்கு டீச்சர். அது யாரு பொண்ணு?"

சலோமி பெருமையோடு சொன்னாள்.

மறுவாரம் கருப்பையன் பள்ளி வராந்தாவில் வந்து நின்றார். "எங்க வயலுக்கு மட்டும் தண்ணி வரலிங்க டீச்சர். நட்ட பயிரு மஞ்சப் பூத்துப் போச்சு. மிராசுதாரு கால்ல விழுந்து கேட்டுட்டேன். ஒங்க டீச்சர வரச் சொல்லுங்கறாரு."

சலோமி அவரோடு போனாள். மருதையன் கோபப்படவில்லை. மோர்கூடக் கொடுக்கச் சொன்னார். "அந்தப் பொண்ணே இன்னொரு தடவ போட்டுக் காட்டட்டும் டீச்சர். மொத வயலுக்கு முழுசா வுட்டு. புள்ளைங்க எல்லாம் பாக்கட்டும்."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். கருப்பையன் வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். சரி என்று தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை மருதையன் வகுப்பில் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"தப்பா வருமே டீச்சர்" என்றாள் பூவாயி மெதுவாக.

"பரவால்ல, தட்டும்மா" என்றாள் சலோமி.

முதல் வயல் பச்சையானது. மற்றவை ஒவ்வொன்றாகக் கருகின. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"இதான் சரி" என்று மருதையன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். சாயங்காலமே கருப்பையன் வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

திங்கட்கிழமை சலோமி ஒரு தொகையை மூன்று பேருக்குப் பிரிக்கிற கணக்கைக் கரும்பலகையில் எழுதி, பூவாயியை எழுப்பினாள்.

"யாருக்கு எவ்ளோ வரணும்னு நீங்களே சொல்லிடுங்க டீச்சர். போட்டுடறேன்" என்றாள் அவள்.