எறாவுக்கு ஆகாத மருந்து

கொசு மருந்து ஊத்துற வேலையில கன்னியம்மாவுக்கு ஆறு வருசப் பழக்கம். திருவொத்தியூர்ல எந்த வூட்டு மூலையில தண்ணி தேங்கிக்கினு கீதுன்னு அவளைக் கேட்டா போதும். அப்பேர்ப்பட்டவ பண்ணின தப்பு பாருங்க, வேற எவளாலயும் பண்ணியிருக்க முடியாது.

செவ்வாக்கெழமை காத்தால சூப்பர்வைசர் நவ்ரீன், "இன்னிக்கு உங்க லைன் வூடுங்கள்லேர்ந்து ஆரம்பிப்போம்"ன்னாங்க. இவளுக்கு ரோசம் பொத்துக்கினு வந்துச்சு. ஊருக்குத்தான் உபதேசம்னு யாரும் பேசிடக் கூடாதே. நேரா தன் வூட்டுக்குள்ள போனா, பாத்ரூம் ட்ரம்மைத் தொறந்தா, மருந்தை ஊத்தி மூடினா. வெளிய வந்து வாசச் செவுத்துல சாக்பீஸால தேதி, 'ட்ரம் மருந்து', கையெழுத்து. எல்லா வூட்டுக்கும் எழுதுறதுதான். புருசன் டில்லிபாபு உள்ள தூங்கிக்கினு இருந்தான்.

நாலு தெரு தள்ளி அத்தாவுல்லா பாய் வூடு. ஹால்ல மீன் தொட்டி. பழகின வாய் தானா பேசுச்சு. "பாய், இந்த ட்ரம் தண்ணிய தொட்டியில ஊத்தாதீங்க. மீன் கூட தாங்கிக்கும். எறா கிறா வுட்டிருந்தீங்கன்னா ஒண்ணு கூட நிக்காது." சொல்லி முடிக்கறதுக்குள்ளதான் அவளுக்கே ஒறைச்சுது. அவ வூட்டுத் தொட்டியில எறா கீது.

டில்லிபாபு கன்டெய்னர் யார்டுல வேலை பாத்தவன். எட்டு மாசம் முன்ன லாரி இடிச்சு இடுப்புல அடி. நடக்கலாம்னு டாக்டர் சொல்லி, வாக்கரும் வாங்கியாச்சு, ஆனா மனுசன் வாசப்படி தாண்டல. லாரி ஹாரன் கேட்டா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவான். பேச்சும் நின்னு போச்சு. ஒரு நாள் செல்லுல வீடியோ பாத்துட்டு, செடி வெச்ச மீன் தொட்டி ஒண்ணு வேணும்னு வாயத் தொறந்து கேட்டான். கொளத்தூர் வளர்ப்பு மீன் சந்தையிலேர்ந்து இவதான் சொமந்துக்கினு வந்தா. மண்ணு போட்டு, செடி நட்டு, தண்ணி ஊத்தி, ஒரு மாசம் மீனே வுடாம வெறும் தண்ணியப் பாத்துக்கினு ஒக்காந்திருந்தான். "தண்ணி பழகணும்மே"ம்பான். லைனே சிரிச்சுது. அப்புறம்தான் கப்பி மீனும், நகம் பெருசுல சிவப்பு எறாவும் வந்துச்சு. "காசிமேட்டு எறாவ வுட்டுட்டு இத வாங்கியாரச் சொன்னியே, ஒரு தொக்குக்கு ஆவுமா?"ன்னு இவ கேட்டா. அடிபட்டதுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் அவன் சிரிச்சான்.

அந்த எறா செத்துச்சுன்னா மனுசன் திரும்பவும் செவுத்தப் பாத்துப் படுத்துடுவான். அப்புறம் எழுப்ப முடியாது. இன்னிக்குத் தண்ணி மாத்துற நாள். பதினோரு மணிக்கு, ட்ரம்முலேர்ந்து ரெண்டு பக்கெட். இப்பவே பத்து அம்பது.

போன் அடிச்சா. எடுக்கல. மறுபடி அடிச்சா. எடுக்கல. மருந்துப் பையை நவ்ரீன் கையில குடுத்துட்டு ஓடினா.

மெயின் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்க வரிசையா நின்னுகினு இருந்துச்சு. சுத்திப் போனா கால் மணி நேரம். ரெண்டு லாரிக்கு நடுவுல பூந்தா. பின்னால இருந்த வண்டி பொசுக்குன்னு நவுந்துச்சு. கிளீனர் கெட்ட வார்த்தையில திட்டினான். திட்டிட்டுப் போறான்னு இந்தாண்ட வந்து வுழுந்தா. தன்னைத் தானே செருப்பால அடிச்சுக்கணும் போல இருந்துச்சு அவளுக்கு.

வூட்டுக் கதவு தொறந்து கெடந்துச்சு. தரையெல்லாம் ஈரம். தொட்டி பக்கத்துல பக்கெட்டு. டில்லிபாபு கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கினு ஒக்காந்திருந்தான்.

"ஊத்திட்டியாய்யா?"ன்னு கேட்டுக்கினே பக்கெட்டுக்குள்ள எட்டிப் பாத்தா.

"இன்னாத்த ஊத்தறது? பழைய தண்ணிய எடுத்ததோட நிக்குது. நீதான் ட்ரம்முல மருந்து போட்டுட்டியே."

"உனுக்கு யாரு சொன்னது?"

"செவுத்துல எழுதிகீறியே. கோழி கிண்டின மாதிரி. படிக்கறதுக்குள்ள தாவு தீந்துச்சு."

போன உசுரு வந்துச்சு, கூடவே கோவமும் வந்துச்சு. "போன் எடுக்க இன்னா கேடு உனுக்கு?"

"நான் எங்க வூட்டுல இருந்தேன்? அந்தப் பெரிய எறா முட்டை வெச்சிகீதுமே, வயித்துக்கடியில மஞ்சளா. செங்கொடியாண்ட சொல்லிட்டு வரலாம்னு போனேன்."

அன்னிக்கு வெறும் தண்ணியப் பாத்து சிரிச்சவங்கள்ல ஒருத்தி செங்கொடி. அவ வூடு லைன் கோடியில, மெயின் ரோட்டை ஒட்டி. கன்னியம்மா வாசலுக்குப் போய்ப் பாத்தா. எழுத்து அழியாம இருந்துச்சு, வெளிச் செவுத்துல, வாசப்படிக்கு அந்தாண்ட. கீழ மண்ணுல வாக்கர் கால் பதிஞ்ச குழி, போனதும் வந்ததுமா. படியிலயே ஒக்காந்து முந்தானையில மூஞ்சியப் பொத்திக்கினு அழுதா.

பின்னால வாக்கர் தேயற சத்தம் வந்துச்சு.

"தொட்டிக்குக் கேன் தண்ணி வாங்கணும்மே. நீ போறியா, நான் போவட்டுமா?"