பாறை வளைவில் ஒரு மினி பஸ்

மாதேஷ் செய்த முதல் பஸ் ரோட்டைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விட்டது.

போன் திரையில் மஞ்சளாக ஒரு பெட்டி, அடியில் இரண்டு கறுப்பு வட்டங்கள், அதுதான் பஸ். அதற்குக் கீழே விரலால் இழுத்த சாம்பல் கோடு, அதுதான் ரோடு. பொத்தானை அமுக்கியதும் பஸ், ரோடு என்று ஒன்று இருப்பதையே சட்டை பண்ணாமல் நேராக இறங்கிக் காணாமல் போனது. பதினோரு வருஷமாக ஏற்காட்டுக்கும் மாரமங்கலத்துக்கும் மினி பஸ் ஓட்டியவனுக்கு இந்த அவமானம் தேவைதானா?

"கோடு போட்டா ரோடு ஆயிருமுங்களாண்ணா? இது கெட்டியான பொருள், இதுமேல நிக்கலாம்னு அதுக்குச் சொல்லோணுமுங்க" என்று தினேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். மாதேஷ் ஓட்டிய பஸ்ஸின் கண்டக்டர் அவன். ஷிப்ட் முடிந்ததும் மாதேஷின் வீட்டுக்கு வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்துவிடுவான்.

மாதேஷுக்குக் காலில் கம்பி வைத்து ஐந்து மாதம். முதல் இரண்டு மாதம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். மூன்றாவது மாதம் போனில் கண்ட கண்ட கேம்களை ஆடித் தீர்த்தான். அதில் ஒன்று மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற கேம். அந்தப் பஸ் வளைவில் திரும்புகிற லட்சணத்தைப் பார்த்து, "இதைச் செஞ்சவன் பஸ்ஸைப் பாத்திருக்கானா, இல்ல கேள்விப்பட்டுச் செஞ்சானா?" என்று மாதேஷ் திட்டினான். "அப்படீன்னா நீங்களே ஒண்ணு செய்யுங்க" என்று தினேஷ் ஓர் ஆப்பை ஏற்றிக் கொடுத்தான். காசு கிடையாது. பக்கம் பக்கமாக எழுதவும் வேண்டாம். கலர் கலராகக் கட்டைகள் இருக்கும். 'இதைத் தொட்டால்' என்று ஒரு கட்டை, 'நின்றுவிடு' என்று ஒரு கட்டை. ஒன்றின் கீழ் ஒன்றை ஒட்டவைத்தால் திரையில் இருப்பது அப்படியே கேட்கும்.

கேட்கும்தான், ஆனால் சொன்னதை மட்டும்தான் கேட்கும். பிரேக் போடு என்று சொல்லாமல் விட்டால் பஸ் ஊரைத் தாண்டியும் போய்க்கொண்டே இருக்கும். ஒரு வாரத்தில் மாதேஷுக்கு இது உறைத்துவிட்டது. அந்த வெற்றுத் திரையில் தானாக எதுவும் இல்லை. தரை இல்லை, கனம் இல்லை, இந்தப் பக்கம் அந்தப் பக்கம்கூட இல்லை. வைத்தால் உண்டு, வைக்காவிட்டால் கிடையாது. சக்கரம் சுற்றுவதற்கே இரண்டு நாள் ஆயிற்று. அது சுற்றிய அன்று, எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துவிட்டு அலுத்துப்போய் வந்த மனைவி சுஜாதாவை வாசலிலேயே நிறுத்திக் காட்டினான்.

"நல்லா சுத்துதுங்க" என்றாள் அவள். வேறென்ன சொல்வாள், பாவம்.

ஆனால் மாதேஷ் இதைப் பொழுது போகாமல் செய்யவில்லை. அவனுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்.

மாரமங்கலம் ரோட்டில் பாறை வளைவு என்று ஓர் இடம். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பாறை உள்பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மேலிருந்து இறங்குகிற வண்டியைக் கீழிருந்து ஏறுகிறவன் பார்க்கவே முடியாது. அங்கே போர்டு எதுவும் இல்லை. ஆனால் மலையில் வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் ஒரு சட்டம் உண்டு. ஏறுகிற வண்டி வளைவுக்கு முன்னால் நீளமாக ஒரு ஹாரன் அடிக்கும். அதைக் கேட்டால் இறங்குகிறவன் மேலேயே நின்று வழி விடுவான். சத்தம் இல்லையென்றால் ரோடு காலி என்று அர்த்தம். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், பனிமூட்டத்தில், அந்த வளைவில் சேலத்து வாடகைக் கார் ஒன்று மாதேஷின் பஸ்ஸுக்கு நேரே வந்து நின்றது. மாதேஷ் ஸ்டீயரிங்கை ஒடித்தான். பஸ் மண் திட்டில் போய் மோதியது. பயணிகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவனுக்குத்தான் கால் முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி போலீஸிடம் சொன்னான்: "நான் ஹாரன் அடிச்சேனுங்க. அவன்தான் நிக்காம வேகமா எறங்கி வந்தான்." பயணிகளைக் கேட்டபோது அவர்களும் ஒரே குரலில், "ஹாரன் அடிக்காம எங்க மாதேஷ் அந்த வளைவுல திரும்பவே மாட்டாருங்க" என்றார்கள். அதோடு கதை முடிந்தது. கார் ஓட்டிய பிரபாகர் மேல் கேஸ் போட்டு, அவனுடைய லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பிரபாகர் ஒரு தடவை வீட்டுக்கே வந்தான். இருபத்தாறு வயசு இருக்கும். சாத்துக்குடிப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணா, நான் இருபது ஸ்பீடுலதானுங்க வந்தேன். ஹாரன் சத்தம் எனக்குக் கேக்கவே இல்லீங்க."

"கண்ணாடிய ஏத்திவிட்டுப் பாட்டப் போட்டுக்கிட்டு வந்தா எப்படிடா கேக்கும்?" என்று மாதேஷ் சீறினான். சமவெளியிலிருந்து வருகிற வண்டிக்காரர்களைப் பற்றி மலையில் எல்லாரும் சொல்கிற வசவுதான் அது.

பிரபாகர் தலையைக் குனிந்தான். "பாட்டு ஓடுனது நெசந்தானுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சாத்துக்குடியைத் தினேஷ் தின்று தீர்த்தான்.

ஆனால் அந்த இருபது மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. இருபதில் வந்த வண்டி எப்படி அங்கே வந்து நிற்கும்? பொய்தானே? வருகிற புதன்கிழமை சேலம் கோர்ட்டில் மாதேஷ் சாட்சி சொல்ல வேண்டும். அவன் சொல்வதை வைத்துத்தான் அந்தப் பையன் மறுபடி வண்டி ஓட்டுவதும் ஓட்டாததும். சரி, அந்த வளைவையே செய்து பார்த்துவிடுவோம் என்று போனை எடுத்தவன்தான்.

முதலில் காருக்கு இருபது என்று வைத்தான். பஸ் தாராளமாக நின்றது. முப்பதிலும் நின்றது. நாற்பத்தைந்து வைத்ததும் முட்டியது. "பாத்தியாடா தினேஷு, நாப்பத்தஞ்சு! நான் சொல்லலை?" என்று குதித்தான், கட்டிலில் எவ்வளவு குதிக்க முடியுமோ அவ்வளவு. அந்தச் சந்தோஷம் ஒரு நாள்தான் இருந்தது. மறுநாள் பிரேக் கட்டையைத் திறந்தவன், அதிலிருந்த எண்ணைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அந்த எண்ணை வைத்தது யார்? அவனேதான். இன்னும் கொஞ்சம் குறைத்து வைத்திருந்தால் இருபதிலேயே முட்டியிருக்கும். தான் ஜெயிக்கிற மாதிரி தானே ஒரு கேம் செய்து, அதில் தானே ஆடி ஜெயித்திருக்கிறான். அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் அந்த முடிவுக்கு வந்தான். நியாயம் கேட்பதெல்லாம் பிறகு. அன்று எது எது இருந்ததோ அது அத்தனையும், இருந்தபடியே வைக்க வேண்டும்.

தினேஷ் பாறையிலிருந்து வளைவு முடிகிற வரை அடி வைத்து எண்ணிக்கொண்டு வந்தான், முப்பத்தொன்று. பாதி தெரிகிற சாம்பல் நிறத்தில் பனிமூட்டம் போட்டார்கள். கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழமும் மிளகாயும்கூட வந்துவிட்டன. சத்தத்துக்கு பஸ் இன்ஜினையும் கதவையும் தினேஷ் போனில் பதிந்து வந்தான், தன் விசிலையும் தானே ஊதிக் கொடுத்தான். அன்று பஸ்ஸில் வந்த ஊர்க்காரி கலாவதியின் குழந்தையைக்கூட மாதேஷ் விடவில்லை. அன்று ஏற்காட்டில் தடுப்பூசி போட்டுக்கொண்டு ஏறிய குழந்தை, வழியெல்லாம் வீரிட்டு அழுது பஸ்ஸையே இரண்டாக்கியது. பாறை வளைவுக்குக் கொஞ்சம் முன்னால்தான் வாயை மூடியது. ஆப்பிலேயே குழந்தை அழுகிற சத்தம் கிடைத்தது. சரியாக அந்த இடத்தில் அழுகை நிற்கிற மாதிரி கட்டையை ஒட்டினான்.

"இது எதுக்குங்ணா?" என்று தினேஷ் கேட்டான்.

"இருந்துச்சில்ல?" என்றான் மாதேஷ்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லீவு. காலைச் சோறு ஆக்கி இறக்கிவிட்டு வந்த சுஜாதாவின் கையில் போனைக் கொடுத்து, ஓட்டிப் பார் என்றான். அவள் இதுவரை ஒரு கேமும் ஆடியதில்லை. முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, பயபக்தியோடு வாங்கினாள்.

இன்ஜின் உறுமியது. குழந்தை அழுதது. "ஏனுங்க, இது கலாவதி புள்ளைங்களா? ஐயோ, அதே மாதிரியே அழுகுதுங்களே!" என்று சிரித்துக்கொண்டே ஓட்டினாள். அழுகை நின்றது. பாறை வந்தது. அவளுடைய கட்டைவிரல் திரையில் எதையோ தேடி அலைந்தது. கார் வந்து முட்டியது.

மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதே இடத்தில் விரல் அலைந்தது. மறுபடியும் முட்டியது.

"ஏனுங்க, இதுல ஹாரன் எங்கீங்க?"

"எது?"

"ஹாரனுங்க. வளைவு வருதில்ல, எதை அமுக்கறது?"

மாதேஷ் போனை வாங்கினான். செய்த சாமான்கள் எல்லாம் ஓரமாக வரிசையில் இருந்தன. சக்கரம், கதவு, விசில், வைப்பர், எலுமிச்சம்பழம், மிளகாய், குழந்தை அழுகை. மேலிருந்து கீழே பார்த்தான். கீழிருந்து மேலே பார்த்தான். ஹாரன் இல்லை.

"மறந்துட்டேன்" என்றான்.

"பதினோரு வருசமா ஹாரன் மேலயே கைய வெச்சிருந்தவரு, அதைப் போயி மறப்பீங்களா?" சுஜாதா குத்தலாகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

மாதேஷ் கேமை எடுத்துக் கடைசித் துண்டை மட்டும் ஓடவிட்டான். குழந்தை அழுகிறது, அழுகிறது, நிற்கிறது. அப்புறம் இன்ஜின் சத்தம் மட்டும். இன்னொரு தடவை ஓடவிட்டான். அழுகை நின்றதும் அன்று பஸ்ஸே அப்பாடா என்று மூச்சு விட்டது. கண்ணாடியில் பார்த்தான், கலாவதி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். இத்தனை நாளும் இது அவனுக்கு ஞாபகம் இருந்தது. இப்போது அதற்கு அடுத்ததும் வந்தது. ஹாரனுக்குப் போன கையை அவன் எடுத்துவிட்டான்.

போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தான்.

"சுஜாதா, நான் ஹாரன் அடிக்கலை."

"என்னங்க சொல்றீங்க?"

"புள்ளை முழிச்சுக்கும்னு அடிக்கலை. அப்பத்தான் தூங்குச்சு."

அவள் கட்டிலில் மெல்ல உட்கார்ந்தாள். "போலீஸ்கிட்ட அடிச்சேன்னு சொன்னீங்களே."

"பொய் சொல்லோணும்னு சொல்லலை. எப்பவும் அடிக்கறவன், அன்னைக்கும் அடிச்சிருப்பேன்னுதான் நெனச்சிருந்தேன். எல்லாரும் அப்படித்தான சொன்னாங்க."

பஸ் முதலாளி பெரியண்ணன், கால் சரியானதும் வந்து சீட்டில் உட்கார் என்று சொல்லி வைத்திருக்கிறார். அது சுஜாதாவுக்கும் தெரியும். "லைசென்ஸ் போயிருமுங்களா?" என்று கேட்டாள். போகலாம் என்றான். அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. "அப்படி ஒரு கேமு செஞ்சுதான் ஆகோணுமுங்களா? சும்மா கெடந்திருக்கக் கூடாதா?" என்று முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். மாதேஷ் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். அவள் சொன்னதில் என்ன தப்பு?

பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை அவன் பக்கம் தள்ளினாள். "ஹாரனை வையுங்க. பாக்கலாம்."

வைத்தான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு சிவப்பு வட்டம். 'இதை அமுக்கினால், கார் நின்றுவிடு.' காரின் வேகத்தை இருபது என்று மாற்றினான். சுஜாதா ஓட்டினாள். அழுகை நின்றது, பாறை வந்தது, சிவப்பு வட்டத்தை அழுத்திப் பிடித்தாள். பனிக்குள் கார் மேலேயே நின்றது. பஸ் அதைத் தாண்டி மாரமங்கலத்துக்குப் போய்விட்டது.

"நின்னுட்டானுங்க" என்றாள் சுஜாதா. குரல் கம்மிப்போயிருந்தது.

அதே போனில் மாதேஷ் பிரபாகரைக் கூப்பிட்டான். போன் இரண்டு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டான் பையன். கோர்ட் விஷயமாகத் திட்டப் போகிறார் என்று நினைத்தானோ என்னவோ, "சொல்லுங்கண்ணா" என்ற குரலே பயந்திருந்தது.

"பிரபாகர், நான் மாதேஷ். அன்னைக்கு நான் ஹாரன் அடிக்கலை. தப்பு என்மேலதான். புதன்கிழமை கோர்ட்டுல வந்து அதைத்தான் சொல்லப் போறேன்."

லைன் போய்விட்டதோ என்று மாதேஷ் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான்.

"நெசமாங்களாண்ணா?" பிரபாகரின் குரல் உடைந்தது. "நீங்க அடிச்சீங்க, எனக்குத்தான் கேக்கலைன்னு நானே நம்பிட்டேனுங்க. அந்தப் பாட்டாலதான் ஒருத்தர் கால் போச்சுன்னு, வண்டியில இருந்த பாட்டுப் பொட்டியக் கழட்டி பரண்மேல தூக்கிப் போட்டுட்டேனுங்க. ஊட்டுலகூட நான் பாட்டு வைக்கறதில்லீங்கண்ணா."

சுஜாதா மாதேஷின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய் அதை எடுத்துத் திரும்ப மாட்டு சாமி" என்றான்.