மூன்றாவது வெட்டு

பூங்காவின் பொம்மை ரயிலுக்கு விசில் ஊதியாகிவிட்டது. சின்னவள் மகளைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டுத் தானும் ஏறி, எதிரும் புதிருமாக இருந்த பலகைகளில் ஒன்றில் ஒடுங்கி உட்கார்ந்தாள். சாவிக்கடைக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. அதுவும் துவைப்பதிலும் துடைப்பதிலுமே போய்விடும். இந்த வாரம் மகள் விடவில்லை. வீட்டில் அவளைச் சுண்டெலி என்பார்கள்; ஏழு வயசுக்கு வாய் கொஞ்சம் நீளம். ரயில் நகர ஆரம்பித்த பிறகு ஒரு ஆள் ஓடிவந்து, கம்பியைப் பிடித்துத் தாவி ஏறி, எதிர்ப்பலகையில் உட்கார்ந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன சின்னவளே, சௌக்கியமா?"

அப்பா போன பிறகு அவளை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒருவன்தான் பாக்கி. முடி பாதி கொட்டி, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கைகள் மட்டும் அப்படியே இருந்தன. நீளமான விரல்கள், ஒட்ட வெட்டிய நகங்கள். இறங்கிவிடலாமென்றால் ரயில் குளத்தைச் சுற்றி வர இருபது நிமிஷம் ஆகும், நடுவில் எங்கேயும் நிற்காது.

"எப்ப வெளிய வந்தே அண்ணா?"

"ஒரு மாசம் ஆச்சு."

ஒரு மாசமாக எங்கே நின்று எதைப் பார்த்துக்கொண்டிருந்தானோ? அவள் மகளைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

அண்ணன் எட்டு வருஷம் உள்ளே போனது அவள் வாயால்தான். ஒரு பெரிய வீட்டில் பூட்டு உடையாமலே கதவு திறந்திருந்தது. உள்ளே தனியாகப் படுத்திருந்த கிழவர் மண்டை பிளந்து கிடந்தார். போலீஸ்காரர்கள் அங்கே கிடைத்த கள்ளச்சாவியைக் கொண்டுவந்து அவள் மேஜையில் போட்டு, யார் வேலை என்று கேட்டார்கள். ஆளுக்கு ஆள் கையெழுத்து மாறுகிற மாதிரிதான் சாவியில் அரம் போடுவதும். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தக் கிழவரைப் பார்த்துவிட்டு வந்தவளால் முடியவில்லை. "எங்கண்ணன் கை" என்றாள். சாவிதான் செய்து கொடுத்தேன், அடித்தது நானில்லை என்று அவன் கடைசிவரை சாதித்தான். அது நிஜமா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

"மாமா, நீங்க டிக்கெட் வாங்கவே இல்லையே?" என்றது சுண்டெலி.

"இறங்கினதும் வாங்கிக்கறேன். கழுத்துல என்னம்மா அது?"

"எங்க வீட்டுச் சாவி. ஸ்கூல் விட்டு வந்து நானே திறந்துப்பேன்."

"அடேயப்பா! எத்தனை மணிக்கு?"

"மூணு மணிக்கு. அம்மா ஆறு மணிக்குத்தான் வரும். அப்பா லாரியில போனா எப்ப வருவாருன்னே தெரியாது."

சின்னவள் மகளின் தொடையில் கிள்ளினாள். அதற்குள் அவன் குனிந்து, கயிற்றில் தொங்கிய சாவியை எடுத்துவிட்டான். கட்டைவிரல் பற்களின் மேல் ஒரு தடவை போய்த் திரும்பியது. அவனுக்கு அது போதும் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயசில் அப்பா இரண்டு பேர் கண்ணையும் கட்டிவிட்டு, கையில் ஒரு சாவியைக் கொடுத்து, தடவிப் பார்த்து அதே மாதிரி வெட்டச் சொல்வார். அவள் தடவித் தடவித் திணறிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் கட்டை அவிழ்த்துவிட்டு அரத்தைக் கையில் எடுத்திருப்பான்.

"நீ வெட்டினதுதானே? மூணாவது வெட்டுல இன்னும் அழுத்தற. அப்பா எத்தனை திட்டினாரு, திருந்தவே இல்லையே நீ."

"விடு அண்ணா."

"விட்டாச்சு." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

"என் மேல கோவமா?"

அவன் குளத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். நிஜமாகவே யோசிக்கிற மாதிரி இருந்தது. "கோவம் ஒரு ரெண்டு வருஷம் இருந்துச்சு. அதுக்கப்புறம் இருந்ததுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியல."

ரயில் நின்றதும் அவனே சுண்டெலியைப் பூப்போலத் தூக்கி இறக்கிவிட்டான். பிறகு கூட்டத்தோடு போய்விட்டான்.

ஐஸ்கிரீம் வேண்டும் என்று அழுத மகளை இழுத்துக்கொண்டு சின்னவள் நேராகக் கடைக்கு வந்தாள். அப்பா காலத்துப் பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினாள். இருப்பதிலேயே நல்ல பூட்டாக ஒன்றை எடுத்தாள். அதோடு வந்த சாவிகள் இரண்டு. கணவனுக்கும் ஒன்று வேண்டும். சாவி வெட்டும் இயந்திரத்தின் இடது பிடியில் மாதிரிச் சாவியையும் வலது பிடியில் வெட்டாத சாவியையும் மாட்டி ஓடவிட்டாள். அவசரத்தில் அழுத்திவிட்டாள். வெட்டி முடித்துப் பார்த்தபோது மூன்றாவது வெட்டு மட்டும் ஆழமாகப் போய்ச் சாவி வீணாகியிருந்தது. அதைப் பழைய பித்தளை போடும் டப்பாவில் விட்டெறிந்துவிட்டு இன்னொன்று வெட்டினாள். பொழுது சாய்வதற்குள் வீட்டுக் கதவில் புதுப் பூட்டு ஏறிவிட்டது. நான்கு தடவை பூட்டித் திறந்து பார்த்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது. இனி அவன் கட்டைவிரலில் இருப்பது எதற்கும் உதவாத சாவி.

மறுநாள் புதுச் சாவியை மகள் கழுத்தில் மாட்டி, உள்ளே போனதும் தாழ்ப்பாள் போடச் சொல்லிப் பள்ளிக்கு அனுப்பினாள். அன்றைக்கு ஒரு அலுவலகத்தில் பன்னிரண்டு கதவுகளுக்குப் பூட்டு மாற்றும் வேலை. காலையில் நேராக அங்கே போனவள் கடைக்கு வரும்போது மணி மூன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது. ஷட்டர் பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்து உள்ளே போய்ப் பையை மாட்டினாள்.

இயந்திரத்தின் இடது பிடியில் ஒரு சாவி இருந்தது. நேற்று அவள் டப்பாவில் எறிந்த வீணான சாவி. வலது பிடி காலியாக இருந்தது. அதன் கீழே புதுப் பித்தளைத் தூள் மினுமினுத்தது. மாதிரியில் மூன்றாவது வெட்டு தப்பு என்பதும், எவ்வளவு தப்பு என்பதும் அவனுக்குத் தெரியும்.

அப்பா காலத்துப் பூட்டுக்குச் சாவிகள் இரண்டு. ஒன்று அவளிடம். இன்னொன்று அந்தக் காலத்தில் அண்ணனிடம் இருந்தது; அதை எட்டு வருஷத்தில் யாரும் திருப்பிக் கேட்கவில்லை, அவள் உட்பட. வீட்டுக்கு இங்கிருந்து எத்தனை வேகமாக ஓடினாலும் அரை மணி நேரம். சின்னவள் தன்னையறியாமல் இயந்திரத்தின் மோட்டாரில் கை வைத்தாள்.

சூடு இன்னும் ஆறவில்லை.