பிரேக்கை மிதித்தால் எரியும் பச்சை அம்பு

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் எரிந்தது. சண்முகப்பிரியா காலை எடுத்தாள், அணைந்தது. மறுபடியும் மிதித்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீட்டர் பலகையில் இடதுபக்க அம்பு மங்கலாகப் பச்சை காட்டியது. சிமிட்டவில்லை, சும்மா எரிந்தது. இண்டிகேட்டர் போடும் கம்பியை அவள் தொடவே இல்லை.

"அத்தை, முன்னால என்னங்க தெரியுது?"

தோட்டத்துக் கேட்டில் கை ஊன்றி, ஸ்வெட்டருக்கு மேல் துண்டும் போர்த்தி நின்றிருந்தாள் மாமியார் ராசாத்தாள். "இந்த மூலைல சிமினி வெளக்காட்ட ஒன்னு எரியுது அம்மணி. பிரேக்குன்னு சொல்லிப்போட்டு வேற எதையாச்சும் மிதிக்கறயா?"

"பிரேக்கைத்தானுங்க மிதிக்கறேன்."

வண்டிக்குப் பின்னால், மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூல்மேல் நீட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தான் கணவன் ஈஸ்வரமூர்த்தி. "சோத்தாங்கைப் பக்கம் நல்லா எரியுது. பீச்சாங்கைப் பக்கம் தூங்கி வழியுது. இப்ப இண்டிகேட்டரப் போடு பாக்கலாம்."

இடது இண்டிகேட்டரைப் போட்டாள். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க?"

"பிரேக் வெளக்கு ரண்டும் மினுக்கு மினுக்குங்குது. இண்டிகேட்டரக் கேட்டா பிரேக்கக் காட்டுது, பிரேக்கக் கேட்டா இண்டிகேட்டரக் காட்டுது. வண்டி நெம்ப உன்றகிட்டயே பழகிப்போச்சு புள்ள, ஒன்னு கேட்டா ஒன்னு சொல்லுது."

ராசாத்தாள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியதும் கேட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஈரோட்டில் டிரைவிங் டெஸ்ட். பக்கத்துத் தோட்டத்துக் காளிச்சாமி லைசென்ஸ் உள்ளவர், அவர் துணைக்கு உட்கார்ந்து வருவதாக ஏற்பாடு. எல்.எல்.ஆர். இந்த வாரத்தோடு முடிகிறது. தவறவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டெஸ்ட் எடுக்கும் இன்ஸ்பெக்டர் ஓட்டுகிறவரைப் பார்க்கும் முன் வண்டியைச் சுற்றி வந்து விளக்கு விளக்காகப் பார்ப்பாராம். பிரேக் விளக்கு எரியாத வண்டியைத் திருப்பி அனுப்பியதைக் காளிச்சாமியே கண்ணால் கண்டிருக்கிறார். ராசாத்தாளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு தடவை கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். மகன் கிணற்று மேட்டில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்ட பிறகு பஸ்தான். போன வாரம் திரும்பும்போது காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில், டவுன் பஸ்களுக்கு நடுவே, தலை சுற்றித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கி நிறுத்தவும் பஸ்ஸில் இடம் பிடிக்கவும் சண்முகப்பிரியாவுக்கு இரண்டு கை போதவில்லை. வீட்டில் கார் நிற்கிறது. ஓட்டத்தான் ஆள் இல்லை.

அதனால் ஒரு வாரமாக வண்டியைத் தயார் செய்துகொண்டிருந்தாள். டயருக்குக் காற்று, வைப்பருக்குப் புது ரப்பர், பேட்டரிக்குத் தண்ணீர், ஹாரன். முந்தாநாள் வரை எல்லா விளக்கும் ஒழுங்காகத்தான் எரிந்தன. நேற்று அவள் அத்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். இன்று இப்படி.

இறங்கி வந்து பின்விளக்குகளின் கண்ணாடி மூடிகளைக் கழற்றினாள். இடதுபக்கத்து பல்பை வலதில் போட்டாள், வலதை இடதில் போட்டாள். பல்பு கெட்டிருந்தால் நோய் பல்போடு இடம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. இடதுபக்கம்தான் தூங்கியது. பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். நன்றாக இருந்தன. குழப்பம் கூடியது. எரியாமல் போனால் ஏதோ அறுந்திருக்கிறது என்று தேடலாம். கேட்காத விளக்கு எரிந்தால் எங்கே போய்த் தேடுவது?

"விடு புள்ள. இப்ப இல்லாட்டிப் பொறவு எழுதிப் போட்டுக்கலாம்" என்றான் ஈஸ்வரமூர்த்தி.

போன மாதமும் இதையேதான் சொன்னான். அவள் ஓட்டப் பழகியபோது பக்கத்தில் உட்கார்ந்து கற்றுத் தந்தவனும் அவன்தான், ஊரில் யாராவது கேட்டால் "சும்மா வெளையாட்டுக்கு" என்று சொன்னவனும் அவன்தான். நேற்று முழுக்க வண்டியும் அவனும் மட்டும் வீட்டில் இருந்தார்கள். அப்படி நினைத்ததும் அவளுக்கே சங்கடமாக இருந்தது. ஆனால் நினைப்பு போகவில்லை.

பல்பைக் கையில் வைத்துக்கொண்டு வயர்களைப் பார்த்தபடி நின்றாள். பிரேக்குக்கு ஒரு வயர் வருகிறது, இண்டிகேட்டருக்கு ஒன்று வருகிறது. போவதற்குத்தான் வயர், திரும்பி வருவதற்கு வயர் இல்லை. பேட்டரியின் ஒரு முனையைக் காரின் தகரத்தோடு முடுக்கியிருப்பார்கள். விளக்கை எரித்த மின்சாரம் அந்தத் தகரம் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டும்போது பாத்தியின் கடைசி மடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் நின்றுவிடுவதில்லை. வரப்பை ஏறி, கேட்காத பாத்திக்குள் போய், அந்த வழியாக வடியும். பாதித் தண்ணீர் இங்கே, பாதி அங்கே, எதுவும் நிறையாது. அதனால்தான் எல்லாம் மங்கலாக எரிகிறதா? பிரேக்குக்கு வந்த மின்சாரம் இறங்க வழியில்லாமல் இண்டிகேட்டர் வயருக்குள் ஏறி, முன்பக்க விளக்கு வழியாகத் தகரத்துக்கு இறங்குகிறதா?

டிக்கியைத் திறந்து உள்ளே குனிந்தாள். இடதுபக்க விளக்கைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளைச் சுற்றியும் பளீரென்று நீலம். தொட்டால் இன்னும் லேசாக ஒட்டியது. அந்த நீலத்தை அவளுக்குத் தெரியும். கட்டுத்தறியில் நின்றிருந்த இரண்டு மாடுகளின் கொம்புகளும் மாட்டுப் பொங்கலிலிருந்து அதே நீலம்தான்.

"ஏனுங்க, இந்த லைட்டைக் கழட்டுனீங்களா?"

அவன் மாவுக்கட்டைப் பார்த்தான். "உள்ள துரு புடிச்சிருந்துச்சு. டெஸ்டுக்குப் போற வண்டி துருவோட போகோணுமான்னு, சுரண்டிப்போட்டுப் பெயிண்ட் அடிச்சேன். மூனு கோட்டு."

"கொம்புக்கு மீந்ததையாடா காருக்கு அடிச்சே?" என்றாள் ராசாத்தாள், கேட்டிலிருந்தபடியே. "சலங்கையும் கட்டி உட்டிருந்தீன்னா இன்ஸ்பெக்டரு கும்பிட்டு அனுப்பிச்சிருப்பாரு."

சண்முகப்பிரியா பல்பை மறுபடி பொருத்திவிட்டு, மிச்ச வயர்த் துண்டு ஒன்றை எடுத்தாள். ஒரு நுனியை பல்ப் உட்கார்ந்திருக்கும் பித்தளைக் கூட்டிலும், மறு நுனியை டிக்கிப் பூட்டின் வெறும் இரும்பிலும் வைத்து அழுத்திக்கொண்டாள். "அத்தை, கொஞ்சம் வந்து அந்தப் பிரேக்கைக் கையால அமுக்குங்க." ராசாத்தாள் மெல்ல வந்து, கதவைப் பிடித்துக் குனிந்து அமுக்கினாள். இடதுபக்கம் சிவப்பு முழுசாக எரிந்தது. வயரை எடுத்தாள், தூங்கியது. வைத்தாள், விழித்தது. பெயிண்ட்தான் கடைசி மடையை அடைத்திருந்தது.

நட்டுகளைக் கழற்றி விளக்கை வெளியே எடுத்து, நட்டு உட்காரும் தகரத்தை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தாள். நீலம் பொடியாகி விரலில் ஒட்டியது.

"நீ பெயிலாகோணும்னு நான் பண்ணினேன்னு நெனச்சயா?" என்றான் ஈஸ்வரமூர்த்தி, தாழ்ந்த குரலில்.

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "கொஞ்சம்."

மாவுக்கட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே அவன் சொன்னான்: "நீ பெயிலானாத் தேவலைன்னு நானும் கொஞ்சம் நெனச்சேன். அப்படி நெனச்சுப்போட்டு உக்காந்திருக்க முடியல. அதுக்குப் பொறவுதான் பெயிண்ட் டப்பாவ எடுத்தேன்."

இதற்குக் கோபப்படுவதா, என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. உப்புத்தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு இரண்டாவது நட்டின் இடத்தைத் தேய்த்தாள். முடித்ததும் விளக்கைப் பொருத்தி, இறுக்கி, போய் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். அம்பு எரியவில்லை.

"முன்னால ஒன்னுமே எரியல அம்மணி" என்றாள் ராசாத்தாள், கவலையாக.

"எரியக் கூடாதுங்க அத்தை."

"ரண்டும் ஒரே மாதிரி எரியுது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பிறகு கொஞ்சம் தயங்கி, "சுரண்டுன எடத்துல லேசா ஒரு கை பெயிண்ட் தொட்டு உட்டறட்டுமா? அசிங்கமாத் தெரியுது."

"வேண்டாங்க."

டிக்கிக்குள், நீலத்துக்கு நடுவே, காசு அகலத்துக்கு இரண்டு வட்டமாகத் தகரம் வெள்ளையாக மின்னியது. நட்டு உட்காருகிற அந்த இடத்தில் பெயிண்ட் இருக்கக்கூடாது. இரும்பு இரும்பைத் தொட வேண்டும், அவ்வளவுதான்.