இடதுபக்கக் கைப்பிடி

“விலை கம்மின்னு அந்த மெஷின வாங்கிட்டா அப்புறம் மரத்த யாரு பிடிக்கிறது? உளி கீழ எறங்கும், சரி. மேல ஏறும்போது மரத்தையும் சேத்துத் தூக்கிட்டு வந்துடும்.”

“அதான் மேல அழுத்திப் பிடிக்க ஒரு இரும்பு குடுத்திருக்கானே!”

“குடுத்திருக்கான். என் வீட்டு நாயும்தான் காவலுக்கு இருக்கு.”

ஆண்கள் சிரித்தார்கள். சட்டென்று நினைவு வந்தவர்களாக முன்னறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அங்கே மலக்கி கீகன் பழுப்பு சூட்டில், விரல்களில் ஜெபமாலை சுற்றப்பட்டு, சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். அவரைத் தனியாக விடக் கூடாது என்று யாராவது ஒருவர் மாறி மாறிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியைச் சுற்றி அவரே செய்த நான்கு நாற்காலிகள். மற்றவை ஊர்க் கால்பந்து சங்கத்திலிருந்து இரவல் வந்தவை.

அவர் மனைவி டிம்ப்னா அடுக்களையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கணவனின் அண்ணன் பேக்கி மேசையோரம் உட்கார்ந்து பேசுவது முழுக்க அவள் காதில் விழுந்தது. அவன்தான் அந்த நாய்க்காரன்.

“அந்தப் பக்கம் போடி. ஒன் முழங்கை என் விலாவப் பேத்துடும்போல இருக்கு” என்றாள் பக்கத்து வீட்டு பிலோமினா.

டிம்ப்னா அவளுக்கு மறுபுறம் போய் நின்றாள். கத்தி பிடித்த கை இப்போது யாரையும் இடிக்கவில்லை.

“கடைசியா எதாவது சொன்னாரா? உன்ன விசாரிச்சாரா?”

“தூங்கிட்டாரு” என்றாள் டிம்ப்னா.

வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். எல்லோருக்கும் அதையே சொன்னாள். உண்மை என்னவென்றால், மலக்கி தூங்கவில்லை. கடைசி மாதம் முழுக்க, மூச்சு இருந்த அளவுக்கு, மரத்தில் சதுரத் துளை போடும் அந்த மெஷினைப் பற்றியே பேசினார். எதில் மோட்டார் அதிகம் சூடாகிறது, எதில் மேசை ஆடுகிறது, எது தங்களால் முடிகிற விலை. மருந்து கொடுக்க வந்த நர்ஸிடம்கூட. டிம்ப்னா கட்டிலருகில் உட்கார்ந்து, இந்தப் பேச்சுக்கு நடுவில் தனக்கென்று ஒரு சொல் வரும் என்று காத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷன், போகும்போது ஒரு சொல் சொல்லாமலா போய்விடுவார்? நேற்றுக் காலை கண் திறந்தார். அவள் குனிந்தாள்.

“அந்தக் கைப்பிடி… கடைக்காரன்கிட்ட கேட்டியா?” என்றார்.

அவ்வளவுதான். மத்தியானம் மூச்சு நின்றது.

அதை ஊரிடம் எப்படிச் சொல்வது?

ஆறு நாற்காலிகள் என்று ஆரம்பித்தது. நான்காவது முடியும்போதே மலக்கியின் கைகள் நடுங்கத் தொடங்கிவிட்டன. அதன் கால்களில் சட்டம் செருகும் துளைகளை டிம்ப்னாதான் உளி பிடித்து வெட்டினாள். அவர் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, “நேரா, நேரா. நீ கேரட்டா நறுக்குற?” என்று விரட்டினார். அவள் மணிக்கட்டு வீங்கியது. இரவில் தைலம் தேய்த்துவிட்டது அவர்தான். மீதி இரண்டு நாற்காலிகளுக்கான கால்கள் பின்கொட்டகையில் அடுக்கியபடி கிடந்தன. மெஷினும் போன வாரமே வந்து, பிரிக்காத பெட்டியில் அவற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. எழுந்து நிற்க முடியாத மனுஷனுக்கு மெஷின் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்க அலுப்பாக இருந்தது.

வாசலில் நனைந்த கோட்டோடு ஒரு இளைஞன் வந்து நின்றான். கை குலுக்கினான்.

“மிஸஸ் கீகன், நான் ஃபின்டன். டவுன்ல டூல்ஸ் கடை. தினமும் போன்ல பேசுவாரு. ஒரு தடவையாவது முகத்தப் பாக்கணும்னு தோணுச்சு.”

முன்னறைக்குப் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான். பேக்கி அவனை விடவில்லை.

“நீதானா அது? சாகக் கெடந்தவன் தலையில மெஷினக் கட்டினவன்?”

“அவரு தலையில நான் கட்டுறதா! இருக்குறதுலயே மலிவா ஒண்ணு சொன்னேன். மரத்த நல்லாப் பிடிக்காது, இன்னொரு ஆள் வேணும், தனியா ஓட்டுறவங்களுக்கு ஆகாதுன்னாரு. சரின்னு அடுத்தது சொன்னேன். கைப்பிடி குட்டை, மணிக்கட்டு போயிடும்னாரு.”

“அவன் மணிக்கட்டுக்கு என்ன? எருமை மணிக்கட்டு.”

“கேளுங்க. மூணாவது, அறுபது யூரோ கூட. கைப்பிடி நீளம், விரலால தள்ளினாலே எறங்கும். அதையும் உடனே வாங்கல. கைப்பிடிய எடது பக்கம் மாத்த முடியுமா, அதச் சொல்லுன்னாரு. கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, முடியும்னு சொன்னப்பறம்தான் வாங்கினாரு. அப்பவும் விடல, மாத்துறது எப்படின்னு தெனம் போனு. நீங்க எடக்கைப் பழக்கமா சார்னு கேட்டேன். ‘நான் இல்லப்பா’ன்னுட்டு வெச்சிட்டாரு.”

“மலக்கியா? எடது கையால ஒரு கிளாஸ்கூடத் தூக்கமாட்டானே! பாவம், கடைசில மூள கலங்கிடுச்சு.”

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். ஃபின்டனும் சிரித்தான். அவன் கோப்பையில் டிம்ப்னா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கனமான கெட்டில், வீங்கிய மணிக்கட்டு. அவன் பார்வை கெட்டிலிலிருந்து அதைப் பிடித்திருந்த இடது கைக்குப் போனது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“பாலு?” என்றாள்.

“கொஞ்சம்” என்றான் அவன், மெல்ல.

பாலும் அதே கையால் வந்தது.

“பெட்டி பிரிக்கவே இல்லியே டிம்ப்னா” என்றான் பேக்கி. “இவன் வேன்லயே ஏத்தி விட்டுடலாம். காசு திரும்ப வந்துடும். ஒனக்கு எதுக்கு இனிமே அதெல்லாம்?”

அவள் கெட்டிலை அடுப்பின்மேல் வைத்தாள். பாதிரியார் வந்துவிட்டார். நாற்காலிகள் நகர்ந்தன. முன்னறையில் ஜெபமாலையின் முதல் வரி எழுந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றியபடி ஒவ்வொருவராக அங்கே போனார்கள். பிலோமினா ஏப்ரனை அவிழ்த்து மாட்டிவிட்டு, “வாடி, ஆரம்பிச்சுட்டாங்க” என்று போனாள்.

அடுக்களையில் ஃபின்டன் மட்டும் கோப்பையோடு நின்றான். டிம்ப்னா பின்கதவின் ஆணியிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்தாள். வெளியே மழை சன்னமாகப் பெய்துகொண்டிருந்தது. உள்ளே எல்லோரும் சேர்ந்து ஜெபத்துக்குப் பதில் சொல்லும் முழக்கம்.

“தம்பி” என்றாள். “போறதுக்கு முன்னாடி அந்தக் கைப்பிடிய மாத்தி மாட்டிக் குடுத்துட்டுப் போறியா?”